நடுவுலவர் பக்கம் பேசியவனுக்கு

மேடையில் எப்போதும் என் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, கீழே இறங்கியதும் என் தோளில் கை போட்டுக்கொண்ட என் சிவலிங்கத்துக்கு,

பிலிமத்தலாவையில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருக்கிறது. கடைக்கு முன்னால் கண்டி பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் என் காது இன்னமும் உன் குரலைத் தேடுகிறது. "பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க, உள்ளுக்கு ஒரு கல்யாணமே வைக்கலாம்" என்று கத்துவாயே, அந்தக் குரல். இப்போது உன் பஸ்ஸில் இருக்கும் கண்டக்டர் வாயையே திறப்பதில்லை. சனங்கள் வாசலில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள், உள்ளே இடம் சும்மா கிடக்கிறது.

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. கோயில் திருவிழா நெருங்குகிறது. பட்டிமன்றத்துக்கு உன் கதிரையில் யாரை உட்கார வைப்பது என்று சபையார் என்னிடம் கேட்டார்கள். முதலில் தெரியாது என்று சொல்லிவிட்டேன். எனக்கு எதிராகப் பேச இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

உனக்குச் சொல்ல ஒரு செய்தி வைத்திருக்கிறேன். உன் அண்ணனைப் பற்றியது. பதறாதே, உயிரோடு சுகமாகத்தான் இருக்கிறார். ஆனால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எட்டிப் பார்த்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டுமே. அதனால் நம் பழைய சண்டையிலிருந்தே தொடங்குகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

சண்டை ஒன்றே ஒன்றுதான். இதிகாசத்தில் வீரன் யார்? தலைப்பை எப்படி மாற்றிப் போட்டாலும் நாம் கடைசியில் அதே இடத்தில் வந்து முட்டிக்கொள்வோம். இந்தத் தீவை ஆண்டதாகச் சொல்லப்படும் பத்துத்தலை வேந்தன், அவனுடைய இரண்டு தம்பிகள். பிறன் மனைவியைத் தூக்கி வந்தது பிழை என்று இரண்டு பேருமே அண்ணனிடம் சொன்னார்கள். ஒருவன் பிரிந்து போய் எதிர்ப்பக்கம் சேர்ந்தான். மற்றவன், அந்தப் பெருந்தூக்கக்காரன், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அதே அண்ணனுக்காகப் போர்க்களம் போய்ச் செத்தான். நீ அவர்கள் பெயரைச் சொல்லவே மாட்டாய். பெரியவர், நடுவுலவர், சின்னவர் என்பாய், ஏதோ ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் உன் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவர்கள் போல.

நான் சின்னவர் கட்சி. தொப்பியோடு கோயில் மேடையில் ஏறி, "பிழை என்று தெரிந்த பிறகும் அங்கேயே நிற்பதற்குப் பெயர் வீரம் இல்லை, பழக்கம்" என்று நான் முதல் தடவை பேசியபோது கூட்டம் திகைத்துப் போனது. துணிக்கடை நஸீருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று சிலர் கேட்டார்கள். நீதான் ஒலிவாங்கியைப் பிடுங்கி, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல என்னை நானா என்று கூப்பிட்டு, "நானா கடையில துணி கிழிக்கிற சத்தத்தவிட கதை சொல்ற சத்தந்தான் கூட" என்றாய். அன்றிலிருந்து நமக்கு இந்தச் சோடி நிரந்தரமாகிவிட்டது.

நீ நடுவுலவர் கட்சி. உன் பேச்சு எனக்கு இன்னும் மனப்பாடம். "வில்லு புடிச்சவன் எல்லாம் வீரன்னா, அந்தக் களத்துல நின்ன அத்தன பேரும் வீரன்தான். தன் அண்ணன் செஞ்சது பிழைன்னு சபையில முகத்துக்கு நேரா சொல்லணும். சொல்லிட்டு, சாவோம்னு தெரிஞ்சும் அவரு பக்கத்துல போய் நிக்கணும். இந்த ரெண்டையும் ஒருத்தனே செஞ்சான் பாருங்க, அவன்தான் வீரன். அவனப் போயி நாம தூங்குமூஞ்சின்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கோம்!" தீர்ப்பு அநேகமாக எனக்கு வரும். கைதட்டல் உனக்கு வரும்.

பக்கத்துக் கடைச் சிங்களவர் பண்டார மாத்தயா ஒருநாள் நம் வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறதா? "அந்த மல்லி, சின்னத் தம்பி, அவர் எங்களுக்குத் தெய்யோ. நாங்க கும்பிடுற சாமி" என்றார். நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். "பாத்தீங்களா நானா, வீட்ட விட்டுப் போனவருக்குக் கோயில். வீட்டோட செத்தவருக்கு ஒரு பாயும் தலகாணியும்." மூவரும் பிளேன்டீ சிந்தச் சிந்தச் சிரித்தோம்.

என் கடையில்தான் மற்றதும் நடந்தது. மேட்டுக் கோயிலுக்குப் பின்னால் மலையை வெட்டி மண்டபம் கட்டத் தொடங்கியிருந்தார் உன் அண்ணன் முத்துலிங்கம். பரிபாலன சபைத் தலைவர், ஹார்ட்வெயார் கடைக்காரர், சொல்லுக்கு மறுசொல் கேட்டுப் பழகாத மனிதர். உங்கள் அப்பா செத்த பிறகு ஹுன்னஸ்கிரியவிலிருந்து உன்னைக் கையில் பிடித்துக் கூட்டி வந்து, தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு உன்னை ஆளாக்கியவரும் அவர்தான். அன்று அம்மனுக்குப் பட்டு எடுக்க இரண்டு பேரும் வந்திருந்தீர்கள். நான் சிவப்பை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது நீ மெதுவாகச் சொன்னாய்.

"அண்ணே, பின்னுக்கு வெட்டினது சரியில்ல. நேரா வெட்டி விட்டுட்டாங்க. தண்ணி போக வழியில்ல. மழ வந்தா மண்ணு மண்டபத்தோட நிக்காது, கீழ எங்க வீட்டு வரிசைக்கும் வந்துடும்."

"மேடையில பேசற மாதிரி எங்கிட்டப் பேசாத" என்றார் அவர். "பட்டப் பாரு."

நீ பட்டைப் பார்த்தாய். அவர் பணம் கொடுக்கப் போனபோது நான் உன்னைச் சீண்டினேன்: "என்ன நடுவுலவரே, இப்ப என்ன செய்யப் போறீங்க?" நீ பொதியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாய். "சொல்றத சொல்லியாச்சு நானா. இனி அவரோட நிக்கிறதுதான். அவரு போட்ட சோத்துல வளந்த உடம்பு இது." செஞ்சோற்றுக் கடனைப் பற்றி நீ மேடையில் பேசியதெல்லாம் உண்மையாகவே நம்பித்தான் பேசினாய் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த மழையைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூன்றாம் நாள் பின்னேரம், அரைகுறை மண்டபத்துக்குள் அடுக்கியிருந்த சீமெந்து மூட்டைகள் நனைகின்றன, தறப்பாள் போட்டு மூடிவிட்டு வா என்று அண்ணன் சொன்னார். நீ போனாய். உனக்குத் தெரியும், இருந்தும் போனாய். மண் இறங்கிய சத்தம் கடை வரைக்கும் கேட்டது. கீழ் வீடுகளுக்கு வராமல் மண்டபத்துத் தூண்களில் தங்கிவிட்டது என்று சனங்கள் அம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தினார்கள். உன்னை எடுத்தபோது தறப்பாளின் ஒரு முனை உன் கையில் இருந்தது.

சிவா, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இதிகாசத்து வீரன் சீமெந்து மூட்டைக்காகச் சாவானா? அவனுக்கு எதிரே நிற்க ஒரு வில்லாளி வேண்டாமா? மேலேயிருந்து பூ சொரிய யாராவது வேண்டாமா? உனக்கு மேலேயிருந்து சேறுதானே வந்தது. இத்தனை வருடம் வாங்கிய தீர்ப்புகளையெல்லாம் திருப்பிக் கொடுத்து, உன்னை ஒரே ஒரு பின்னேரம் வீட்டில் இருத்த முடியுமென்றால் கொடுத்துவிடுவேன்.

இனிச் செய்தி. உன் மரணத்துக்குப் பிறகு உன் அண்ணன் தாடி வளர்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். ஆவணி பிறந்ததும் எழுந்தார். எழுந்து செய்த முதல் வேலை, கல்லில் உன் பெயரை வெட்டுவித்தது. 'சிவலிங்கம் ஞாபகார்த்த மண்டபம்.' எங்கே கட்டப் போகிறார் தெரியுமா? அதே இடத்தில். அதே வெட்டில். உன்னை எடுத்த இடத்தில்தான் உன் பெயர் நிற்க வேண்டுமாம். அடிக்கல் நாளுக்கு முதன்மைப் பேச்சாளன் நான். "ஒங்களத் தவிர தம்பியப் பத்திப் பேச ஆளு இல்ல முதலாளி" என்றார். எத்தனை வருடப் பழக்கம், இன்னமும் நான் அவருக்கு முதலாளிதான்.

சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. பயம் என்று நினைக்காதே, இரக்கம். "தம்பியப் பறிகொடுத்த மனுசன். அவரு மனசு நோக எப்படிப் பேசுறது?" என்று ஒவ்வொருவரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். இறந்தவன் பெயரில் நடக்கும் காரியத்தை மறிப்பது பாவம் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறதே, அது அத்தனை பேர் வாயையும் கட்டிவிட்டது. உன்னைக் கொன்ற மண்ணை உனக்கு மரியாதையாகத் திரும்பவும் வெட்டப் போனோம். அதற்கு மேளமும் பேசியாயிற்று.

உன் சரசு கடைக்கு வந்தாள். மகளுக்குப் பள்ளிக்கூட வெள்ளைத் துணி எடுக்க. துணியை எடுத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"மழ கனத்தா பிள்ளையக் கூட்டிக்கிட்டு பேராதனையில அக்கா வீட்டுக்குப் போயிடறேன் நானா. மத்த வீட்டாளுங்க எங்க போவாங்க? மூத்தாரு மொகத்தப் பாத்து நான் எப்படிச் சொல்றது? எம்புருசன் பேருல கட்டுறாரு. வேணாம்னா, அவரு பேரயே வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

நான் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி ஸித்தி, சரசு போன பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள். "பிழையெண்டா பிழையெண்டு செல்லோணும் எண்டு எத்தின தரம் மேடையில ஏறிக் கத்தினீங்க? இப்ப எனத்துக்கு வாய மூடிக்கொண்டு ஈக்கிறீங்க?"

மேடையில் சின்னவராக இருப்பது சுலபம் சிவா. மேடைக்கு அண்ணன் இல்லை. அங்கே நான் விட்டுப் போனது கதையில் வரும் ஒரு அரசனை. இங்கே என் முன்னால் இருந்தது தாடி வளர்த்த ஒரு கிழவன், தம்பியை எண்ணித் தூங்காத கண்கள். கூட்டத்தில் எழுந்து, 'உங்கள் தம்பி அன்றே சொன்னான், நீங்கள் கேட்கவில்லை' என்று நான் சொன்னால் மண்டப வேலை நின்றுவிடும். கீழே இருக்கும் வீடுகள் தப்பும். அந்த மனிதர் என்ன ஆவார்? நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யோசித்தேன். நீ முதலில் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பாய். அதனால் அடிக்கல் நாள் காலையில், சபைக்குப் போகுமுன், அவருடைய கடைக்குப் போனேன்.

கடை இன்னும் திறக்கவில்லை. பாதிக் கதவைத் தூக்கி உள்ளே விட்டார். உன் பெயர் வெட்டிய கல் சாக்கு மூடிச் சுவரில் சாய்ந்திருந்தது.

"அண்ணே, அண்டைக்கு எங்கட கடையில சிவா சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றேன்.

அவர் ஆணிப் பெட்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டே நின்றார். என்னைப் பார்க்கவில்லை. "ஞாபகம் இல்லாத நாளு எது முதலாளி? அதனாலதானே கட்டுறேன்."

எனக்கு விளங்கவில்லை. அவரே தொடர்ந்தார். "அந்த எடத்துல ஒரு மண்டபம் நின்னுட்டா, மண்ணு எறங்கினது மழையாலன்னு ஆயிடும். ஊழின்னு ஆயிடும். நிக்காதுன்னா… அவன் சொன்னது சரின்னா… அவன அங்க அனுப்பினது நான்தானே முதலாளி?" அப்புறம் சாக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார். உன் அண்ணன் அழுது நீ பார்த்திருக்கிறாயா? நான் அதுவரை பார்த்ததில்லை. என்னால் அவரைத் தேற்றவும் முடியவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் கோயிலுக்கு நடந்தோம்.

கூட்டம் நிறைந்திருந்தது. சரசுவும் மகளும் பின்னால் நின்றார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கி முன்னால் போய் நின்றேன். எதிரே உன் கதிரை இல்லாமல் நான் பேசிப் பழகவில்லை. "போன வருசம், பட்டு எடுக்க வந்த அண்டைக்கு, எங்கட கடையில வச்சு…" என்று தொடங்கினேன். அதற்குள் முன்வரிசையில் அவர் எழுந்துவிட்டார்.

"நில்லுங்க முதலாளி. அது நான் சொல்ல வேண்டியது."

மேடை ஏறவில்லை. இருந்த இடத்திலேயே திரும்பிச் சனங்களைப் பார்த்தார். "மண்ண வெட்டினது சரியில்லன்னு தம்பி சொன்னான். நான் கேக்கல. மழையில சீமெந்து மூடப் போன்னு சொன்னதும் நான்தான். அவன் பேருல இந்த எடத்துல ஒரு கல்லும் வேணாம். வெட்டுன எடத்துக்கு மொதல்ல அணைச் சுவரு போடணும். மண்ணு வேல தெரிஞ்ச ஆளக் கூட்டி வந்து காட்டி, அவங்க சொல்றபடி செய்ங்க." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

சிவா, நாம் எத்தனை வருடம் அந்த இரண்டு தம்பிகளைப் பற்றியே தொண்டை கிழியப் பேசினோம்! பெரியவரைப் பற்றி ஒரு நாள் பேசினோமா? அவருக்குத் தலை பத்து இருந்து என்ன? 'தம்பி சொன்னான், நான் கேட்கவில்லை' என்று படை புறப்படுமுன் சபையில் எழுந்து ஒரு தடவை சொல்லியிருந்தால், இரண்டு தம்பிகளும் வீட்டில் இருந்திருப்பார்கள். வீரன் யார் என்று அடித்துக்கொள்ள நமக்கும் கதை இருந்திருக்காது. அன்றைக்கு அந்த வார்த்தையை உன் அண்ணன் வாயிலிருந்து கேட்டேன். கூட்டத்தில் நின்ற அத்தனை பேரிலும் அவர்தான் வீரன் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதை நீ கேட்கவில்லையே! ஒரு வருடம் முந்திச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. என்னால் இதைப் பொறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க மாட்டேன். இரக்கத்தால் வாய் மூடியிருந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்கு வாய் வந்துவிட்டது. தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். தம்பியைத் தின்ற அண்ணன் என்று சந்தியில் ஒருவன் அவர் காதுபடவே சொன்னான். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? அவர் கடைக்கு ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. அணை வேலை மட்டும் தொடங்கியிருக்கிறது. உன் மகள் இப்போது மழை நாளிலும் வீட்டிலேயே தூங்குகிறாள் என்று சரசு சொன்னாள்.

அன்று கூட்டம் கலைந்ததும் அவர் பக்கத்தில் யாரும் இல்லை. படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் போய் எடுத்துக் கொடுத்தேன். காலில் மாட்டிக்கொண்டார். பிறகு, "வாங்க தம்பி, போவோம்" என்றார்.

நடுவுலவரைப் பற்றி நீ கடைசியாகப் பேசிய பேச்சில் ஒன்று சொன்னாய். தன்னையும் எதிர்ப்பக்கம் வரச் சொல்லிக் கூப்பிட வந்த சின்னவரை அவர் வையவில்லை, 'நீ போ, பிழைத்திரு, செத்த பிறகு எங்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட ஒருத்தன் வேண்டும்' என்று அனுப்பி வைத்தார் என்றாய். அன்று தீர்ப்பு எனக்கு வந்ததால் அதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. பிழைத்திருப்பவனுக்கு இவ்வளவு வேலை இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

உன் பெயர் வெட்டிய கல் இப்போது என் கடையில், துணிக்கட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. அணை முடிந்ததும் அதை எங்கே வைப்பது என்று சரசுதான் சொல்ல வேண்டும். திருவிழாப் பட்டிமன்றத்துக்கு ஒத்துக்கொண்டுவிட்டேன். உன் கதிரையில் நான் உட்காருவேன், நடுவுலவர் பக்கம் பேசுவேன். தீர்ப்பு எப்படி வந்தாலும் வரட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அண்ணனை விட்டுப் போகச் சொல்லிப் பரிசு வாங்கிய நான், உன் அண்ணனை விட்டுப் போக மாட்டேன். பின்னேரம் பின்னேரம் அவர் கடையில் போய் உட்காருகிறேன். பிழை கண்டால் முகத்துக்கு நேரே சொல்வேன். சொல்லிவிட்டு அங்கேயே இருப்பேன். மழைக்குள் எங்காவது போகச் சொன்னால் மட்டும் போக மாட்டேன், அவரையும் போக விட மாட்டேன்.

உன் நானா,
உன் அண்ணனுக்கு இனித் தம்பி,
நஸீர்